திருவிழா மேடைக்குக் காப்பீடு: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கேள்வி

வாசகர் கடிதம்:

ஐயா, கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒலி-ஒளி கடை வைத்திருக்கிறேன். கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டுக் கச்சேரி, நாடகம், நையாண்டி மேளம் எல்லாம் பேசிக் கொண்டுவருவதும் என் தொழில். 2020 மார்ச் 14, 20, 27, ஏப்ரல் 5 ஆகிய நான்கு தேதிகளுக்கு நான்கு ஊர்க் கமிட்டிகளிடம் அச்சாரம் வாங்கி, பொள்ளாச்சி, உடுமலைக் குழுக்களுக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. முதல் ஊரில் கமிட்டியே வேண்டாம் என்றது. இரண்டாவது ஊருக்குக் குழு வர மறுத்தது. மற்ற இரண்டும் ஊரடங்கில் போயின. கமிட்டிகள் பணத்தைத் திருப்பிக் கேட்டன, குழுக்கள் தரவில்லை, நடுவில் நின்ற நான் மனைவியின் நகையை அடகு வைத்தேன். லண்டனில் இருக்கும் என் மைத்துனர், அங்கே அரசே பின்னால் நின்று நிகழ்ச்சிகளுக்குக் கொரோனா காப்பீடு கொடுத்தது என்கிறார். நம் நாட்டில் அப்படி உண்டா? ஒரு முகவர் இப்போது ‘எல்லாவற்றுக்கும் பணம் வரும்’ என்று ஒரு பாலிசியை நீட்டுகிறார். வாங்கலாமா? இன்னும் ஒரு கமிட்டி பழைய அச்சாரத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. பெருந்தொற்றால் மேடை நிகழ்ச்சி நின்றுபோனால் ஈடு தருகிற அரசு ஆதரவுக் காப்பீடு இந்தியாவில் கிடையாது. உங்கள் மைத்துனர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தத் திட்டம் 2020 பங்குனியில் நம் ஊரில் இருந்திருந்தால் உங்கள் நான்கு தேதிகளில் எத்தனைக்குப் பணம் வந்திருக்கும் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இரண்டுக்குத்தான் வந்திருக்கும். அந்த மற்ற இரண்டைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

அரசு ஏன் உள்ளே வர வேண்டியிருந்தது என்பதை முதலில் சொல்கிறேன். உங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து சீட்டு போடுகிறீர்கள். ஒரு மாதம் ஒருவருக்குக் கல்யாணச் செலவு, இன்னொரு மாதம் இன்னொருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு. அதனால் சீட்டு ஓடுகிறது. இருபது பேருக்கும் ஒரே நாளில் முழுப் பணமும் வேண்டும் என்றால் எந்தச் சீட்டும் நிற்காது. காப்பீடும் அப்படித்தான். நல்லேப்பிள்ளியில் பந்தல் எரிந்தால் வேலந்தாவளத்தில் எரியாது. பலர் கட்டிய பிரீமியத்திலிருந்து ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். பெருந்தொற்றில் கோழிக்கோடு முதல் லண்டன் வரை எல்லா மேடையும் ஒரே வாரத்தில் இருண்டுபோனது. அந்தச் சுமையைத் தனியார் நிறுவனத்தால் தாங்க முடியாது. விம்பிள்டன் டென்னிஸ் போட்டியை நடத்துகிறவர்கள் 2003இல் சார்ஸ் நோய் வந்த பிறகு ஆண்டுதோறும் சுமார் 20 லட்சம் டாலர் பிரீமியம் கட்டி, 2020இல் சுமார் 14 கோடி டாலர் இழப்பீடு பெற்றார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. அடுத்த ஆண்டு அவர்களுக்கே அந்தக் காப்பு கிடைக்கவில்லை. உலகம் முழுவதும் காப்பீட்டு நிறுவனங்கள் தொற்றுநோயைத் தங்கள் பாலிசிகளின் விலக்குப் பட்டியலில் எழுதிவிட்டன.

அந்த இடைவெளியில்தான் பிரிட்டன் அரசு வந்தது. 2021 ஆகஸ்டில் அறிவித்து, செப்டம்பர் 22 முதல் 2022 செப்டம்பர் 30 வரை நடத்திய திட்டம் அது. 75 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட இழப்பைத் தாங்கக்கூடியது என்றார்கள். அரசு நேரடியாகப் பாலிசி விற்கவில்லை. லாயிட்ஸ் என்ற லண்டன் காப்பீட்டுச் சந்தையில் இருக்கும் நிறுவனங்கள் விற்றன, அவர்களுக்குப் பின்னால் அரசு மறுகாப்பீட்டாளராக நின்றது. காப்பீட்டு நிறுவனத்துக்குக் காப்பீடு கொடுப்பவர்தான் மறுகாப்பீட்டாளர். வழக்கமான நிகழ்ச்சிப் பாலிசியோடு கூடுதலாக இதை வாங்க வேண்டும். பிரீமியம், காப்பிட்ட செலவுத் தொகையில் 5 சதவீதம், அதன்மேல் வரி.

உங்கள் கணக்குக்கு வருவோம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் செலவு என்று வைத்தால் 5 சதவீதம் 7,500 ரூபாய். வண்டி வாடகையும் ஆள் கூலியும் போக உங்கள் கையில் ஒரு நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டாயிரமோ பதினைந்தாயிரமோ நிற்குமா? அதில் பாதி பிரீமியத்துக்குப் போயிருக்கும். விலை அதிகம் என்று அங்கேயே விழா நடத்துகிறவர்கள் குறை சொன்னார்கள். ஆனால் அவர்கள் சொன்ன பெரிய குறை வேறொன்று. அரசாங்கத்தின் கொரோனாக் கட்டுப்பாட்டால் நிகழ்ச்சி நடத்துவதே சட்டப்படி முடியாமல் போனால் மட்டும் அந்தப் பாலிசி பணம் தரும். சமூக இடைவெளி விதித்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்தால் தராது. பாடகருக்குத் தொற்று வந்து படுத்தால் தராது. பயத்தில் டிக்கெட் விற்காமல் போனாலும் தராது.

இப்போது உங்கள் நான்கு தேதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் 10 அன்று கேரள அரசு பள்ளிகளையும் திரையரங்குகளையும் மாத இறுதி வரை மூடச் சொன்னது. திருவிழாக்களில் கூட்டம் சேர்வதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. உங்கள் முதல் கமிட்டி நல்ல மனதோடு அந்த வேண்டுகோளுக்குக் கட்டுப்பட்டது. அது தானாக எடுத்த முடிவு என்று காப்பீட்டு நிறுவனம் சொல்லியிருக்கும். மார்ச் 20 அன்று குழு பயந்துபோய் வரவில்லை. அதுவும் சட்டத் தடை ஆகாது. மார்ச் 23 அன்று மாநிலம் பூட்டப்பட்டது, 25 முதல் நாடே பூட்டப்பட்டது. ஆகவே மார்ச் 27, ஏப்ரல் 5 இரண்டுக்கும் பணம் வந்திருக்கும். முந்திக்கொண்டு பொறுப்பாக நடந்த கமிட்டிக்கு ஒன்றும் இல்லை, காத்திருந்தவருக்கு உண்டு. நோயைத் தடுக்கிற நோக்கத்துக்கே இது எதிரானது என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லையில் இருக்கிற நமக்கு இன்னொரு வலி உண்டு. உங்கள் மேடை கேரளத்தில், உங்கள் கலைஞர்கள் தமிழ்நாட்டில். நடுவில் வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம். ஊரடங்கு தளர்ந்த பிறகும் இந்தச் சாவடிகளில் பாஸ், பரிசோதனைச் சான்று என்று எத்தனை நாள் நின்றோம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுக்குள் போக ஆர்டிபிசிஆர் சான்றோ இரண்டு தடுப்பூசிச் சான்றோ கட்டாயம் என்றார்கள். பதினைந்து பேர் கொண்ட நாடகக் குழு கொழிஞ்சாம்பாறையில் ஒரு ராத்திரி ஆடிவிட்டு விடிகாலையில் பொள்ளாச்சிக்குத் திரும்ப ஆளுக்கொரு சான்று வேண்டும் என்றால் எந்த வாத்தியார் வண்டி ஏறுவார்? இங்கே நிகழ்ச்சிக்குத் தடை இல்லை. சாலையில்தான் தடை. இரண்டு மாநில உத்தரவுகளுக்கு நடுவே விழுந்த இழப்பு அது. பிரிட்டன் பாலிசியின் வாசகத்தை அப்படியே மொழிபெயர்த்துக் கொண்டுவந்தால் நம் ஊருக்கு அது பாதிதான் பயன்படும்.

ஜெர்மனி இதைக் கொஞ்சம் வேறாக யோசித்தது. 2021இல் அவர்கள் 250 கோடி யூரோ ஒதுக்கி ஒரு கலை நிகழ்ச்சி நிதியை உண்டாக்கினார்கள். அதில் இரண்டு பகுதிகள். பெரிய நிகழ்ச்சி ரத்தானால் செலவில் ஒரு பங்கை ஏற்பது ஒன்று. கட்டுப்பாட்டால் பாதி அரங்கோடு நடக்கிற சிறிய நிகழ்ச்சிகளுக்கு, விற்ற டிக்கெட் வருமானத்தோடு அரசு தன் பங்கைச் சேர்த்துக் கொடுப்பது மற்றொன்று. நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. 2021 ஏப்ரலில் நம் மாநிலத்தில் நிகழ்ச்சி நேரத்தையும் ஆள் எண்ணிக்கையையும் சுருக்கினார்களே, அப்போது உங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒரு கை நீண்டிருந்தால் எத்தனை மேளக்காரர்கள் கட்டட வேலைக்குப் போகாமல் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நம் நாட்டில் இது ஆகாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் ஊர் நெல் விவசாயிக்குத் தெரியும்: பிரதமர் பயிர்க் காப்பீட்டில் காரிஃப் பருவத்துக்கு அவர் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை மத்திய அரசும் மாநில அரசும் ஏற்கின்றன. அமெரிக்காவில் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு உலகச் சந்தை பயங்கரவாத அபாயத்தைக் கைவிட்டபோது, 2002இல் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பு நிதியை அமைத்தன. பொதுத்துறை மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி ரீ அதை நிர்வகிக்கிறது. அணு உலை விபத்துக்காக 2015இல் 1,500 கோடி ரூபாயில் இன்னொரு தொகுப்பு வந்தது. பெருந்தொற்றுக்கும் அப்படி ஒன்று முடியுமா என்று ஆராய 2020இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு குழுவையே அமைத்தது. தொகுப்பு பிறக்கவில்லை. நீங்கள் ஒலி-ஒளி உரிமையாளர் சங்கத்தில் இருப்பீர்கள். எம்எல்ஏவிடமும் எம்பியிடமும் மனு கொடுக்கும்போது ‘நிவாரணம் தாருங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தத் தொகுப்பு வேண்டும், அதில் பாதிக் கட்டுப்பாட்டுக்கும் எல்லை மூடலுக்கும் ஈடு வேண்டும் என்று எழுதுங்கள். நிவாரணம் ஒரு தடவை வந்து நின்றுவிடும்.

முகவர் நீட்டுகிற பாலிசிக்கு வருகிறேன். ‘எல்லாவற்றுக்கும் பணம் வரும்’ என்ற பாலிசியை முப்பத்தோரு ஆண்டுக் காப்பீட்டுப் பணியில் நான் பார்த்ததில்லை. அவர் கொடுக்கிற வண்ணத் தாளை ஓரமாக வைத்துவிட்டு, பாலிசியின் முழு வாசகத்தைக் கேட்டு வாங்குங்கள். விலக்குகள் என்ற பகுதியில் தொற்றுநோய் பற்றிய வரி இருக்கும். அதைப் படித்துக்காட்டி, ‘நிபா காய்ச்சல் வந்து கலெக்டர் கூட்டத்துக்குத் தடை போட்டால் பணம் உண்டா?’ என்று எழுத்தில் பதில் கேளுங்கள். உலகப் பெருந்தொற்று எப்போது வருமோ தெரியாது. நிபா நம் மாநிலத்தில் 2018இலிருந்து பலமுறை வந்துவிட்டது, 2025 ஜூலையில் நம் பாலக்காடு மாவட்டத்துக்கே வந்தது. உங்கள் தொழிலுக்கு நாளைக்கே வரக்கூடிய ஆபத்து அதுதான். இன்னொரு கேள்வி, அரசு துக்கம். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு ஆகஸ்டில் நடக்க வேண்டிய நேரு டிராபி படகுப் போட்டியையே செப்டம்பர் இறுதிக்குத் தள்ளினார்கள். அப்படி ஒத்திவைத்தால், திரும்ப நடத்துகிற கூடுதல் செலவைப் பாலிசி ஏற்குமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகத்தைப் படிக்கச் சொல்லி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு முறை எல்லையோர ஊர் ஒன்றின் கமிட்டி மழைக் காப்பீடு எடுத்திருந்தது. இவ்வளவு மில்லிமீட்டர் மழை பெய்தால் பணம் என்று நிபந்தனை. மழையை அளக்கிற இடமாகத் தொலைவில் இருந்த ஒரு நிலையத்தைப் பாலிசியில் எழுதிவிட்டிருந்தார்கள். சித்தூர்க் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம், பாலக்காடு நனையும்போது இங்கே காயும், சில நாள் அதற்கு நேர்மாறாகவும் ஆகும். அன்று அந்த நேர்மாறான நாள். மேடை தண்ணீரில் மிதந்தது, அளவு நிலையத்தில் ஒரு சொட்டுகூடப் பதிவாகவில்லை. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் எழுதியது என் கைதான். கமிட்டிச் செயலர் ஈர வேட்டியோடு எடுத்த புகைப்படங்களை என் மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, அவர் முகம் மறக்கவில்லை.

அதற்காகப் பாலிசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. தீ, பந்தல் சரிவு, கருவிகளுக்குச் சேதம், பார்க்க வந்தவர்களுக்கு நேரும் காயம் ஆகியவற்றுக்குக் கட்டாயம் எடுங்கள். கடைசியில் சொன்னது பொதுப் பொறுப்புக் காப்பீடு. கொல்லம் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 அன்று வெடி விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், 2024 அக்டோபரில் நீலேஸ்வரத்திலும் வெடி விபத்து. உங்கள் விளக்குக் கம்பம் ஒரு குழந்தைமேல் விழுந்தால் அடகு வைக்க நகை போதாது. எடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: பிரீமியம் நிறுவனத்தின் கைக்குப் போகும் வரை காப்பு தொடங்காது. 1938 காப்பீட்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு அது. ‘திருவிழா முடிந்து கொடுங்கள்’ என்று முகவர் அன்பாகச் சொன்னாலும் கேட்காதீர்கள். நோய்ச் செய்தி பத்திரிகையில் வந்த பிறகு ஓடிப்போய் வாங்கினாலும் பயன் இல்லை. தெரிந்த ஆபத்துக்கு யாரும் காப்பு தர மாட்டார்கள்.

காப்பீடு தராத இடத்தில் உங்களைக் காப்பது ஒப்பந்தம். உங்கள் கடிதத்தில் நான் கவலையோடு கவனித்தது, நான்கு நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குக்கூட எழுத்து ஒப்பந்தம் இருந்ததாக நீங்கள் சொல்லவில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் 56ஆம் பிரிவு, ஒப்புக்கொண்ட காரியம் பின்னால் செய்ய முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 65ஆம் பிரிவு, அப்படிச் செல்லாமல் போனால் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பிக் கொடுக்கவோ ஈடுசெய்யவோ வேண்டும் என்கிறது. ஆகவே ஊரடங்கில் போன இரண்டுக்கும் கமிட்டி உங்களிடம் கேட்டது சரி, நீங்கள் குழுக்களிடம் கேட்டதும் சரி. ஆனால் சட்டம் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கும். குழு தராவிட்டாலும் கமிட்டிக்கு நீங்கள் தர வேண்டும். நடுவில் நிற்பவர் நசுங்குவது இப்படித்தான். முதல் இரண்டு தேதிகளில் தடையே இல்லாததால் 56ஆம் பிரிவைப் பிடித்துக்கொள்வதும் கடினம். அங்கே எழுத்து ஒன்றுதான் பேசும்.

பழைய அச்சாரம் கேட்கிற கமிட்டி எந்தத் தேதிக்கானது என்று நீங்கள் சொல்லவில்லை. பணப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று ஆண்டுதான் காலவரம்பு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து கழித்தது. அப்படிப் பார்த்தாலும், இடையில் நீங்கள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கவில்லை என்றால், 2025 பிப்ரவரி முடிவோடு கெடு தீர்ந்துவிட்டது. எதையும் எழுதிக் கொடுப்பதற்கு முன் சித்தூரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஆனால் அந்த ஊரில் உங்களுக்கு அடுத்த ஆண்டும் வேலை வேண்டும். வரப்போகிற திருவிழாவில் ஒளி அமைப்பு வாடகையில் கொஞ்சம் கழித்துக்கொண்டு முகம் கொடுத்துப் பேசி முடிப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிமேல் ஒரே பக்கத்தில், கமிட்டிக்கும் உங்களுக்கும் ஒன்று, உங்களுக்கும் குழுவுக்கும் ஒன்று, இரண்டிலும் ஒரே வாசகம் இருக்கும்படி எழுதுங்கள். இரண்டில் வேறு வேறு வாசகம் இருந்தால் இடைவெளியில் விழுவது நீங்கள்தான். கமிட்டிக்காரர்கள் மலையாளம் படிப்பவர்கள் என்றால் மலையாளத்திலும், குழுவுக்குத் தமிழிலும் தாருங்கள். அச்சாரத்தை ஒரே தவணையாக வாங்காமல், பேசும்போது கொஞ்சம், பதினைந்து நாள் முன்பு கொஞ்சம், வண்டி ஏறும்போது மீதி என்று பிரியுங்கள். குழுவுக்கும் அதே படியில் கொடுங்கள். ‘அரசு தடை’ என்ற சொல்லோடு நிற்காமல், ‘அரசின் வேண்டுகோள், ஆள் எண்ணிக்கைக் கட்டுப்பாடு, மாநில எல்லையில் போக்குவரத்துத் தடை, அரசு துக்கம்’ ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். இவற்றில் எது வந்தாலும் ஓராண்டுக்குள் வேறு தேதியில் அதே தொகைக்கு நிகழ்ச்சி நடக்கும், நடக்காவிட்டால் அதுவரை ஆன உண்மைச் செலவை மூவரும் சமமாக ஏற்பார்கள், மீதி அச்சாரம் முப்பது நாளில் திரும்பும் என்று வையுங்கள்.

விருச்சிக மாதம் (நம் கார்த்திகை) தொடங்கி இங்கே திருவிழாக் காலம். அதற்குள் இதைத் தயார் செய்துவிடுங்கள். குழுவோடு எழுதுகிற தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்கும்படி உங்களை நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்: நிகழ்ச்சி எந்தக் காரணத்தால் நின்றாலும், அன்று ஊர் வந்து சேர்ந்துவிட்ட மேளக்காரர்களுக்கும் மேடை கட்டிய கூலியாட்களுக்கும் அரை நாள் கூலியும் திரும்பிப் போகும் பஸ் கட்டணமும் அங்கேயே கையில் கொடுக்கப்படும்.